துடைத்தும் போகாத புள்ளி

வாழ்க்கை வரலாறு எழுதப்படும் தகுதியுள்ளவர்கள் பொதுவாக எதையாவது அசைத்துக் காட்டியிருப்பார்கள். அரியணையை, மக்கள் திரளை, குறைந்தபட்சம் யாராவது உட்கார்ந்திருந்த ஒரு நாற்காலியை. நம் நாயகியின் சாதனை இதற்கு நேர் எதிர்த் திசையில் அமைந்தது. பத்தொன்பது வருடங்களாக அவர் யாரையும் அசையவிடாமல் பார்த்துக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், நடைபாதை முடிந்து குழாய்கள் தொடங்கும் இடத்தில் இருந்தது ஸ்கேன் அறை. அங்கே படம் எடுப்பவர் அவர். "அசையாதே" என்ற சொல்லை நாளொன்றுக்கு நாற்பது தடவை சொன்னதில் அதுவே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. முதலில் குழந்தைகள் வார்டு வாண்டுகள் "அசையாதக்கா" என்றார்கள். பிறகு நர்ஸுகள் சொன்னார்கள். பிறகு வாசல் காவலாளி. கடைசியில் புது அடையாள அட்டையில் குமாஸ்தா அதையே அச்சடித்துவிட்டு, தன் தவறை உணர்ந்து திருத்துவதற்குள் மூன்று மாதம் அந்த அட்டையோடுதான் அவர் வேலைக்கு வந்து போனார். யாரும் வித்தியாசமாக எதையும் கவனிக்கவில்லை.

கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்க அசைவதே அவர் தொழில். ஒருவர் நகர்ந்துகொண்டே இருப்பதாலும் இன்னொருவர் நகராமல் இருப்பதாலும்தான் இந்த வீட்டில் சண்டை சூடு பிடிப்பதில்லை என்று இரு தரப்பு உறவினர்களும் பல கல்யாணப் பந்திகளில் கலந்தாலோசித்து முடிவுகட்டியிருந்தார்கள்.

ஸ்கேன் அறைக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதல் சட்டம், படம் எடுப்பவர் படத்தைப் படிக்கக் கூடாது. படிப்பதற்கென்றே பெரிய டாக்டர் இருந்தார். அவர் கம்ப்யூட்டர் திரையை நம்பாதவர். படத்தை ஃபிலிமில் அச்சடித்து, சுவரில் மாட்டிய வெளிச்சப் பெட்டியில் செருகி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தால்தான் அவருக்கு அது படம். நல்ல மனிதர், கெட்டிக்காரர். தன்னுடைய கெட்டிக்காரத்தனத்தில் சந்தேகம் இல்லாதவர் என்பது ஒன்றுதான் அவரிடம் இருந்த கோளாறு. அந்தக் கோளாறு ஸ்கேனில் தெரியாது.

இரண்டாவது சட்டம் தூசிச் சட்டம். அது பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். பதினோரு வருடங்களுக்கு முன்பு ஒருவரின் வயிற்றுப் படத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது. சிறுநீரகக் கல் என்று பெரிய டாக்டர் எழுதினார். அந்த மனிதர் வீட்டிலிருந்த குடங்களையெல்லாம் குடித்துக் காலி செய்தார். மறுநாள் அதே கல் இன்னொருவரின் வயிற்றில், அதே இடத்தில் இருந்தது. அதற்கடுத்த நாள் ஒரு பெண்மணியின் நெஞ்சில். வார முடிவில் அது ஒரு விளையாட்டு வீரரின் முழங்காலுக்கு வந்து சேர்ந்தபோதுதான், ஃபிலிம் அச்சடிக்கும் இயந்திரத்தின் உருளையில் தூசி ஒட்டியிருக்கிறது என்பது தெரிந்தது.

பெரிய டாக்டர் அன்றே சுற்றறிக்கை விட்டார்: "படங்களில் காணப்படும் வெள்ளைப் புள்ளி யாவும், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, தூசியே." கூடவே ஒரு தூசிப் பதிவேடும் போடச் சொன்னார். புள்ளி தெரிந்தால் ஃபிலிமின் இடது விளிம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், மேல் விளிம்பிலிருந்து எத்தனை என்று ஸ்கேலால் அளந்து எழுத வேண்டும். உலகத்தில் எத்தனையோ பேர் எதையெதையோ பதிவு செய்கிறார்கள். தூசியின் இருப்பிடத்தைப் பதினோரு வருடம், மூன்று நீண்ட நோட்டுகளில், சிவப்பு மையால் கோடு போட்டுப் பதிவு செய்தவர் அசையாதக்கா ஒருவர்தான்.

அப்படி அளந்து எழுதிவந்த நாட்களில் ஒரு திங்கட்கிழமை அந்தப் பெண் வந்தாள். வயது எட்டு. இடுப்பைத் தொடும் இரட்டைச் சடை. வகுப்பில் எழுதிக்கொண்டிருந்தபோது அவளுடைய வலது கட்டைவிரல் தானாக வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. டீச்சர் குறும்பு என்று நினைத்து முறைத்தார். பிறகு கை இழுத்தது, வாய் கோணியது, பெஞ்சிலிருந்து விழுந்தாள். மறுநாள் வீட்டில் இன்னொரு தடவை.

கூட அம்மாவும் பெரியப்பாவும் வந்திருந்தார்கள். பெரியப்பா தனிக்கட்டை. வெளியூர் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடமாகத் தம்பி குடும்பத்தோடு இருப்பவர். வந்ததிலிருந்து சமையலறைப் பொறுப்பையும், வீட்டின் சுத்தத்தையும், பிறருக்குப் புத்தி சொல்வதையும் தாமே முன்வந்து ஏற்றுக்கொண்டவர். ஸ்கேன் மேஜையைக் கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணைப் படுக்கவிட்டார்.

"இதுல தினம் எத்தனை பேர் படுக்கறாங்க மேடம்?"

"எல்லாரும் படுக்கறாங்க. எந்திரிச்சும் போயிடறாங்க. நீங்க வெளியில நில்லுங்க சார்."

பெண் படுத்தாள். ஸ்கேன் இயந்திரத்து வளையத்தின் உள்பக்கம் அசையாதக்கா ஒட்டிவைத்திருந்த மீன் படத்தைப் பார்த்து, அதற்கு எத்தனை செதில் என்று எண்ணச் சொன்னார். எண்ணி முடிப்பதற்குள் படம் முடிந்தது.

மூளையின் இடது பக்கத்தில் பட்டாணி அளவில் வெள்ளை வளையம். அதைச் சுற்றி வீக்கம். பெரிய டாக்டர் ஃபிலிமைச் செருகினார், கையைக் கட்டினார், பார்த்தார். "வளையம் போன்ற ஒன்று. கட்டியாக இருக்கலாம். வளையத்தினுள் காணும் மங்கிய புள்ளி: தூசி" என்று எழுதினார். அறுவை டாக்டர் அதைப் படித்துவிட்டு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் குறித்தார். மண்டையைத் திறந்து எடுத்துவிடுவது. எடுத்த பிறகு அது என்னவென்று பார்ப்பது.

செவ்வாய்க்கிழமை அம்மா ஃபிலிமின் நகல் கேட்டு வந்தார். உறையை வாங்கிக்கொண்ட பிறகும் போகவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். முடியை முழுசா எடுப்பாங்களா, இல்ல அந்தப் பக்கம் மட்டுமா?"

"அது அங்க வார்டுல சொல்வாங்கம்மா."

"நாளைக்குச் சாயங்காலம் எடுக்கறாங்களாம். அவகிட்ட இன்னும் சொல்லல. கையி திரும்ப வராமப் போகவும் வாய்ப்பிருக்குன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. அதைவிட முடியை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

அம்மா போனபிறகு அசையாதக்கா செய்தது வீரச் செயல் எதுவும் இல்லை. கடமையைத்தான் செய்தார். டாக்டரே தூசி என்று எழுதிவிட்ட புள்ளி அது. அதைப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டால் சட்டப்படி குற்றம். ஸ்கேலை எடுத்து அளந்தார். இடமிருந்து பதினொன்றரை, மேலிருந்து ஆறு. முன்பக்கத்தைப் புரட்டினார். அந்த வாரத்துத் தூசி இடமிருந்து நான்கு, மேலிருந்து இருபத்திரண்டில் குடியிருந்தது. சனிக்கிழமை எடுத்த கால் படத்தில் அங்கேதான். திங்கட்கிழமை எடுத்த முதுகுப் படத்திலும் அங்கேதான். இந்தப் பெண்ணின் அதே ஃபிலிமிலும், ஓரத்தில், அங்கேதான். அப்படியென்றால் இந்தப் புள்ளி யாருடையது?

திரையில் படத்தை வரவழைத்தார். வளையத்துக்குள் புள்ளி இருந்தது, மங்கலாக. திரையில் தூசியோ என்று கோட்டின் கையால் துடைத்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார். போகவில்லை. கம்ப்யூட்டர் எலியைப் பிடித்துப் படத்தை இடது பக்கம் நகர்த்தினார். புள்ளியும் நகர்ந்தது. மேலே தள்ளினார். கூடவே மேலே போனது. தூசியின் குணநலன்களைப் பதினோரு வருடம் ஆராய்ந்தவர் அவர். எந்தத் தூசியும் படத்தோடு சேர்ந்து நடந்ததாக மூன்று நோட்டிலும் ஆதாரம் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த வருடம் அவர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார்கள். அதில் அவருக்கு ஞாபகம் இருந்தவை இரண்டு. டீ கடைசிவரை வரவில்லை. இன்னொன்று, வளையத்துக்குள் ஒரு ஓரமாகப் புள்ளி தெரிந்தால் அது கட்டியில்லை, நாடாப்புழுவின் குஞ்சு. வளையம் அதன் பை, புள்ளி அதன் தலை.

அன்று சாயங்காலம் வேனைக் கழுவிக்கொண்டிருந்த கணவரிடம் விஷயத்தைப் போட்டார்.

"ஏங்க, ஒரு பொண்ணு தலைக்குள்ள ஒரு தலை இருக்குங்க."

"எல்லார் தலைக்குள்ளயும் எவனாவது உக்காந்திருக்கான். என் தலைக்குள்ள எங்க ஸ்கூல் மேனேஜர்."

"புழுவோட தலை. மருந்து குடுத்தா செத்துப்போயிடும். இவங்க மண்டையைப் பொளக்கப் போறாங்க."

கணவர் குழாயை மூடினார். "டாக்டர்கிட்ட சொன்னியா?"

"நான் படிக்கக் கூடாதே."

"படிக்காத. அளந்தேன்னு சொல்லு. அளக்கத்தானே அவரே நோட்டு போட்டுக் குடுத்திருக்காரு?"

வேன் ஓட்டுநர்களைச் சட்டக் கல்லூரியில் சேர்க்காதது யாருக்கு நஷ்டம் என்பது இதிலிருந்து விளங்கும்.

புதன்கிழமை காலை பெரிய டாக்டரின் அறையில் நோட்டைத் திறந்து வைத்தார் அசையாதக்கா.

"சார், நீங்க தூசின்னு எழுதின புள்ளி, தூசி இருக்கற இடத்துல இல்ல."

"இடம் மாறியிருக்கும்."

"மாறல சார். அதே ஃபிலிம்ல பழைய இடத்துலயும் ஒண்ணு இருக்கு."

"அப்ப ரெண்டு தூசி. ஏம்மா, தூசி என்ன ஒண்டிக்கட்டையா? குடும்பத்தோடதான் இருக்கும்."

"திரையில பார்த்தேன் சார். படத்தை நகர்த்தினா அதுவும் கூடவே வருது."

பெரிய டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "பார்த்தியா? நீ எடு. நான் பார்க்கறேன். நீயும் பார்க்க ஆரம்பிச்சா அப்புறம் நான் போய் எடுக்கணுமா?"

எடுக்கத்தான் முடியுமா, மெஷினை எங்கே ஆன் செய்வது என்றல்லவா முதலில் கேட்பீர்கள் என்று அசையாதக்கா மனதுக்குள் பதில் சொன்னார். வெளியில் சொன்னது வேறு.

"அஞ்சு மில்லிமீட்டர் கனத்துல வெட்டின படம் சார் அது. புள்ளி ரெண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதான் மங்கலா தெரியுது. மெல்லிசா வெட்டினா தெளிவாயிடும்."

"குழந்தைக்கு மறுபடி ஸ்கேனா? அதெல்லாம் வேண்டாம். நாளைக்குத் திறந்தாத் தெரிஞ்சிடப் போகுது. போம்மா."

மறுபடி ஸ்கேன் தேவையே இல்லை என்பதைப் பெரிய டாக்டர் அறியவில்லை. திரையை நம்பாதவருக்கு அது தெரிய நியாயமும் இல்லை. ஸ்கேன் இயந்திரம் எடுத்ததையெல்லாம் முதலில் மாவாகத் தன் வயிற்றில் வைத்திருக்கும். அதிலிருந்து தடிமனாகவும் வெட்டலாம், மெல்லியதாகவும் வெட்டலாம். ஒரே சங்கடம், வயிறு நிறைந்தால் பழைய மாவை அதுவே துடைத்துவிடும். திங்கட்கிழமை மாவு புதன்கிழமை மத்தியானம் தாண்டாது. வெளியே பெஞ்சில் பதினான்கு பேர் காத்திருந்தார்கள். ஒவ்வொருவர் படுத்து எழும்போதும் அந்தப் பெண்ணின் பட்டாணி, அழியும் வரிசையில் ஒரு படி மேலே வந்துகொண்டிருந்தது.

அசையாதக்கா கதவைத் திறந்து பெஞ்சைப் பார்த்தார். "மெஷினுக்குக் கொஞ்சம் வேலை இருக்கு. அரை மணி ஆகும்."

"மெஷினுக்கு என்னங்க வேலை?" என்றார் காலில் கட்டு போட்ட ஒருவர்.

"யோசிக்கணுமாம்."

பெஞ்சு அதை ஏற்றுக்கொண்டது. யோசிக்க அரை மணி கேட்கும் ஒன்றை அந்த ஆஸ்பத்திரியில் அவர்கள் முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

ஒரு மில்லிமீட்டர் கனத்தில் வெட்டச் சொல்லி எண்களைத் தட்டினார். இயந்திரம் உறுமியது. திரையில் ஒரு பட்டை ஊர்ந்தது. பாதியில் நின்றது. மறுபடி ஊர்ந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த அறையில் ஒருவர் "அசையேன்" என்று கெஞ்சியது அப்போதுதான்.

மெல்லிய படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முப்பத்தேழாவதில் வளையம் முழுசாக நின்றது. அதன் உள்பக்கச் சுவரில், ஒரு ஓரமாக, சாய்ந்து உட்கார்ந்திருந்தது புள்ளி. மங்கலெல்லாம் போய் ஊசிக்குத்து மாதிரி பளிச்சென்று இருந்தது. முப்பத்தாறிலும் இருந்தது. முப்பத்தெட்டிலும் இருந்தது.

ஃபிலிமில் அடித்தார். உருளையை முதலில் மூன்று தடவை துடைத்துவிட்டுத்தான் அடித்தார். பெரிய டாக்டர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போயிருந்த நேரத்தில் வெளிச்சப் பெட்டியில் செருகிவிட்டு, பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றார்.

பெரிய டாக்டர் வந்தார். கையைப் பின்னால் கட்டினார். பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். வெளிச்சப் பெட்டியின் கண்ணாடியை விரலால் தேய்த்தார். ஃபிலிமை உருவித் தலைகீழாகச் செருகினார். புள்ளியும் தலைகீழானது. அறையில் துடைக்க வேறு எதுவும் பாக்கி இல்லை.

"யார் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னது?"

"எடுக்கல சார். திங்கட்கிழமை எடுத்ததையே மெல்லிசா நறுக்கினேன்."

அவர் ஃபிலிமை மறுபடி நேராகச் செருகினார். பிறகு, "உன் தூசி நோட்டைக் கொண்டா" என்றார். வாங்கி, இடமிருந்து பதினொன்றரை, மேலிருந்து ஆறு என்ற வரிக்கு நேரே தன் கையால் எழுதினார்: "இது தூசி இல்லை. தலை." கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார். ஃபிலிமை உருவிக்கொண்டு அறுவை டாக்டரின் மாடிக்குக் கிளம்பினார். லிஃப்டுக்கு நிற்காமல் படியேறினார் என்றும், இரண்டிரண்டு படியாக ஏறினார் என்றும் காவலாளி சொன்னபோது யாரும் நம்பவில்லை. ஆனால் சாயங்காலம் முடி எடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பதை வார்டு முழுக்க நம்பியது.

மறுநாள் எட்டு மணிக்கு, மண்டை திறக்கப்பட வேண்டிய அதே நேரத்தில், குழந்தைகளுக்கான நரம்பு டாக்டர் குடும்பத்தை உட்காரவைத்து விளக்கினார். இளம்பெண், பொறுமைசாலி.

"மூளையில இருக்கறது நாடாப்புழுவோட குஞ்சு. அதான் வலிப்புக்குக் காரணம்."

பெரியப்பா எழுந்துவிட்டார். "டாக்டர், மாத்திப் பேசறீங்க. எங்க வீட்டுல கறி, மீன் எதுவும் உள்ள வராது. முட்டைகூடக் கிடையாது."

"முட்டைதான் சார் பிரச்சனையே. குழந்தை சாப்பிட்டது முட்டையைத்தான். புழுவோட முட்டை. கண்ணுக்குத் தெரியாது. ஒருத்தர் குடல்ல பெரிய புழு இருந்தா அவங்க கையி வழியா, கழுவாத காய் வழியா அடுத்தவங்க வாய்க்குப் போகும். அங்கேருந்து ரத்தத்துல ஏறி மூளைக்கு."

"கழுவாத காயா? எங்க வீட்டுலயா? பச்சைக்காயெல்லாம் நானே என் கையால நறுக்கிக் குடுக்கறேன் மேடம். மூணு தண்ணியில கழுவி."

"கையை எத்தனை தண்ணியில சார்?" என்றார் டாக்டர்.

அன்றே வைத்தியம் தொடங்கியது. வலிப்பு மருந்து திங்கட்கிழமையிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. முதலில் கண் டாக்டர் வந்து, கண்ணுக்குள் இன்னொரு பை ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தார். இருந்தால் மருந்தே அங்கே கெடுதல் செய்துவிடும். இல்லை என்றானபிறகு வீக்கத்தை அடக்கும் மருந்து, அதற்குப் பின்னால் புழு மருந்து. இந்த வரிசையில் விஷயம் இருக்கிறது. புழு சும்மா சாகாது. சாகும்போது சுற்றுப்புறத்தையே வீங்கவைத்து அமர்க்களம் செய்துவிட்டுத்தான் சாகும். மூன்றாம் நாள் பெண்ணுக்குத் தலை பிளப்பதுபோல வலித்தது. அம்மா பயந்து டாக்டரிடம் ஓடினார். "சாகறவன் சத்தம் போடறான், போடட்டும்" என்று சொல்லி நரம்பு டாக்டர் வீக்க மருந்தைக் கொஞ்சம் கூட்டினார். ஐந்தாம் நாள் பெண் இட்ட சண்டையில் வார்டின் பொம்மை அலமாரி காலியானது. அதை நல்ல அறிகுறி என்று எழுதிக்கொண்டார்கள்.

இதற்கிடையே வீட்டிலுள்ள பெரியவர்கள் மூவருக்கும் சிறு டப்பா கொடுக்கப்பட்டது. காலையில் எதை நிரப்பி வர வேண்டும் என்பது நாகரிகமாகச் சொல்லப்பட்டது. அம்மாவும் அப்பாவும் பேசாமல் கொண்டுவந்தார்கள். பெரியப்பா டப்பாவைக் கொதிநீரில் கழுவி, மூன்று உறை போட்டுக் கொண்டுவந்தார். சுத்தம் என்றால் சுத்தம். சோதனை முடிவில் இரண்டு டப்பாவில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில், அந்தச் சுத்தத்தின் நடுவே, நாடாப்புழுவின் முட்டைகள் கூட்டம் கூட்டமாகக் குடியிருந்தன.

"சாம்பிள் மாறிப்போச்சு" என்றார் பெரியப்பா.

மறுபடி கொடுத்தார்கள். மாறவில்லை. வெளியூர் வேலையில் இருந்தபோது நண்பர்களோடு என்ன சாப்பிட்டார், அது எந்த அளவுக்கு வெந்திருந்தது என்று டாக்டர் கேட்டார். பெரியப்பா கூரையைப் பார்த்தார். இரண்டு வருடம் தம்பி வீட்டில் கட்டிக் காத்த கறி ரகசியத்தை, வாயே இல்லாத ஒரு பிராணி போட்டு உடைத்தது இப்படித்தான். அவருக்கு ஒரே வேளை மாத்திரை. அதோடு அவருடைய குடலில் இருந்த வாடகைதாரர் காலி செய்துகொண்டு போனார்.

ஆனால் பெரியப்பா அதன்பிறகு சமையலறைப் பக்கம் போகவில்லை. நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிந்துபோய், கூடத்தில் ஒரு ஓரமாகவே உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அப்பா அண்ணனிடம் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பெண்தான் கேரட்டையும் கத்தியையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"சோப்பு போட்டுட்டு வாங்க பெரியப்பா. நான் இருபது எண்ணறேன்."

அவர் போய்க் கழுவினார். அவள் இருபதைத் தாண்டியும் எண்ணிக்கொண்டே போனாள்.

ஆறு மாதம் வலிப்பு வரவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு காலைநேரம் மறுபடி ஸ்கேன் குறித்தார்கள். புழு செத்ததா, சுருங்கி இருக்கிறதா, அடையாளம் விட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. குடும்பமே வந்தது. சீட்டில் பெரிய டாக்டர் தன் கையால் எழுதியிருந்தார்: "ஒரு மில்லிமீட்டர்."

படம் முடிந்தது. அசையாதக்கா ஒவ்வொரு துண்டாக நகர்த்தினார். முப்பத்தைந்து. முப்பத்தாறு. முப்பத்தேழு. மேலே போனார், கீழே வந்தார், பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பெரிய டாக்டர் அன்று வெளிச்சப் பெட்டிக்குக் காத்திராமல் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் வந்து திரையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் வளையம் இல்லை, வீக்கம் இல்லை, வடுவும் இல்லை.

"கூப்பிடு அவங்களை" என்றார்.

குடும்பம் உள்ளே வந்து திரை முன்னால் நெருக்கியடித்து நின்றது. அம்மா பழைய படத்தையும் புதிய படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க இருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"அதாம்மா ரிப்போர்ட்" என்றார் பெரிய டாக்டர். "ஒண்ணும் இல்ல. வலிப்பு மாத்திரையை மட்டும் நாங்க சொல்றவரைக்கும் நிறுத்தாதீங்க."

அம்மா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்பா அண்ணனின் தோளில் கையைப் போட்டார், எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. ஒன்றுமே இல்லாத ஒரு சாம்பல் நிறப் படத்தை இத்தனை பேர் இத்தனை நேரம் கண்கொட்டாமல் ரசித்துப் பார்த்ததை அந்த அறை அதுவரை கண்டதில்லை.

பெண்ணுக்கு மட்டும் பொறுமை இல்லை. எல்லாருடைய இடுப்புக்கும் நடுவே தலையை நுழைத்துத் திரையைப் பார்த்தாள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

அசையாதக்கா படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை விரலால் சுற்றிக் காட்டினார்.

"இப்ப இது முழுக்க நீ மட்டும்தான்."